வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வீட்டுக்கல்வியில் வாசிப்பைக் கற்பிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘தொட்டில்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு என் மகன் ‘தெட்…’ என்று தொடங்கினான், நிறுத்தினான், பக்கத்தில் இருந்த படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு ‘ஊஞ்சல்’ என்று முடித்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. ‘எழுத்தைப் பார்த்துப் படி’ என்று சொல்லி அதே பக்கத்தை மறுபடியும் படிக்கவைத்தேன். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. எழுத்துக்கு முன்னால் இருக்கும் கொம்பைப் பார்த்தவன், பின்னால் இருக்கும் காலைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பது ஒன்று. தடுக்கி நின்றதும் எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்குத் தாவினான் என்பது மற்றொன்று. இன்னும் பத்துப் பக்கம் படிக்கவைத்தாலும் இவை இரண்டும் தாமாகச் சரியாகிவிடப் போவதில்லை.

வீட்டுக்கல்வியில் பிள்ளை வாசிக்கத் தடுமாறும்போது நம்மில் பலரும் முதலில் செய்வது வாசிப்பு நேரத்தைக் கூட்டுவதுதான். நானும் பல மாதங்கள் அப்படித்தான் செய்தேன். செய்ய வேண்டியது வேறு: வாசிப்பு எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கட்ட வேண்டும். வகுப்பின் வேகத்துக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லாத வீட்டில்தான் இந்தத் திரும்பிப்போதல் எளிதாக நடக்கும்.

தொடங்கும் முன்: கண்ணும் காதும்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். தூரத்தில் உள்ள எழுத்துகளைப் பார்க்கும் சோதனையில் தேறிய பிள்ளைக்கும் அருகில் உள்ளதைப் பார்ப்பதில், அதாவது புத்தக தூரத்தில் இரு கண்களையும் சேர்த்துக் குவிப்பதில், சிரமம் இருக்கலாம். ஆகவே இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் ஏறி இறங்குவதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளை பேச்சைப் புரிந்துகொள்ளும். ‘ப’ஒலியையும் ‘த’ஒலியையும் பிரித்துக் கேட்பதில் மட்டும் தடுமாறும்.

முதல் படி: ஒரு வாரம் கற்பிக்காமல் கவனித்தல்

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுவதும் திருத்துவதில்லை, கண்டிப்பதில்லை, கவனித்து எழுதுவது மட்டுமே வேலை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் காதைச் சோதியுங்கள். புத்தகம் எதுவும் இல்லாமல், ‘மரம்’ என்று சொல்லி, அதில் ‘ம’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். ‘பால்’ என்ற சொல்லில் முதலில் வரும் ‘ப்’ ஒலிக்குப் பதிலாகக் ‘க்’ வந்தால் என்ன சொல் என்று கேளுங்கள். ‘படம்’, ‘பாடம்’ இரண்டில் எது நீண்டு ஒலிக்கிறது என்று கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை இவற்றில் திணறினால் சிக்கலின் வேர் எழுத்தில் இல்லை, ஒலியைப் பிரித்துக் கேட்பதில் இருக்கிறது.

அடுத்து எழுத்துகள். அட்டையில் எழுதி, வரிசையைக் கலைத்துக் காட்டுங்கள். வரிசையாக ஒப்பித்துவிடும் பிள்ளை, கலைத்துக் காட்டினால் ‘ஞெ’யையும் ‘ணூ’வையும் தெரியாமல் விழிப்பது மிகச் சாதாரணம். சரியாகச் சொன்னதா என்பதோடு எவ்வளவு தயங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகப் பொருளில்லாச் சொற்கள். ‘மிடபு’, ‘கேசாடு’, ‘பொதணை’ போன்றவற்றை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள். பிள்ளை இவற்றை நினைவிலிருந்து சொல்ல முடியாது, படத்தைப் பார்த்தும் ஊகிக்க முடியாது. வாசிக்கத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும் என்பதால், மற்ற எந்தச் சோதனையையும்விட இது அதிகம் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக ஒரு பத்தி. ஏறத்தாழ நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியை உரக்க வாசிக்கச் சொல்லி, தவறுகளை எண்ணுங்கள். ஐந்துக்குள் இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியாக வாசிக்கலாம். ஆறிலிருந்து பத்து வரை என்றால் உங்கள் துணையோடு வாசிக்கலாம். பத்தைத் தாண்டினால், அது அண்ணனோ தங்கையோ அந்த வயதில் வாசித்த புத்தகமாகவே இருந்தாலும், இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு அதே தரத்தில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கிக் கிடைப்பது என்று முன்வைத்தார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். நீங்கள் வாசிக்கும்போது நன்றாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை, தானே வாசிக்கும்போது புரியாமல் நின்றால் சிக்கல் எழுத்தை ஒலியாக்குவதில் இருக்கிறது. கேட்கும்போதும் புரியவில்லை என்றால் பேச்சும் சொல்வளமும்தான் முதலில் வளர வேண்டும்.

இந்த வாரத்தில் ஒரு வாசிப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: காதுக்குப் பயிற்சி

ஒலியில் திணறும் பிள்ளைக்கு இதுதான் அடித்தளம். எட்டு, ஒன்பது வயதிலும் இதைச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தாளில் வரிசையாகக் கட்டங்களை வரைந்து, ஐந்தாறு பொத்தான்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ‘கடல்’ என்று மெதுவாகச் சொல்ல, பிள்ளை ‘க’, ‘ட’, ‘ல்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானைக் கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். ரஷ்ய உளவியலாளர் எல்கோனின் வகுத்த இந்த முறையில், காற்றில் கரைந்துபோகும் ஒலி கையால் தொடக்கூடிய பொருளாகிவிடுகிறது. இது கைவந்த பிறகு ‘க’ என்பதையே ‘க்’, ‘அ’ என்று இரண்டு பொத்தான்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை நம் இலக்கணமே அப்படித்தான் சொல்கிறது. அதைப் பிள்ளை காதால் உணர வேண்டும்.

குறில், நெடில் வேறுபாட்டுக்குத் தனியாகச் சில நாட்கள் ஒதுக்குங்கள். கல், கால், எடு, ஏடு, கொடு, கோடு என்று சொல்லிக்கொண்டே குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து ஒரு நீவல். இந்த வேறுபாடு காதில் பதியாத பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் காரணமில்லாத கோடுகளாகவே தெரியும்.

மூன்றாம் படி: எழுத்துகளைச் சிறு சிறு தொகுதியாக

247 எழுத்துகள் என்ற எண்ணிக்கையைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216உம் இவற்றின் சேர்க்கை. ஆ முதல் ஔ வரையிலான குறிகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை அவற்றை எந்த மெய்யோடும் சேர்க்கலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் ‘கு’ ஒரு விதம், ‘சு’ ஒரு விதம், ‘ணு’ ஒரு விதம் என்று உருவம் மாறும். அந்த இரு வரிசைகளையும் கடைசிக்கு வைத்துக்கொண்டு ஒவ்வோர் உருவமாகத் தனியே கற்பியுங்கள்.

அகர வரிசைப்படி தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘ப’, ‘ட’, ‘ம’ ஆகிய மூன்றையும் புள்ளியையும் மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய நான்கு சொற்களை வாசித்துவிடும். ‘ர’ சேர்ந்தால் மரம். ‘கால்’ சேர்ந்தால் பாடம், மாடம். நேற்று வரை வாசிக்க வராத பிள்ளைக்கு, கற்ற எழுத்தெல்லாம் உடனே சொல்லாக மாறுவது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அருகில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

மெய்யெழுத்துகளின் பெயரே ஒரு தடைக்கல். ‘ம்’ என்பதை ‘இம்’ என்றும் ‘ட்’ என்பதை ‘இட்’ என்றும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அதை நம்பி, ‘மரம்’ என்பதை ‘ம-ர-இம்’ என்று கூட்டிவிட்டு, அப்படி ஒரு சொல்லை இதுவரை கேட்டதே இல்லையே என்று நம்மைப் பார்க்கிறது. பெயர் பிறகு வரட்டும். உதட்டை மூடி ‘ம்ம்’ என்று ஒலியை மட்டும் சொல்லிக்கொடுங்கள். ‘ட்’ போன்ற வல்லின ஒலிகளைத் தனியாக நீட்ட முடியாது. அவற்றை முன்னெழுத்தோடு சேர்த்தே, ‘பட்’ என்று ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள்.

கொம்பு வரும் எழுத்துகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஆனால் பின்னால் ஒலிக்கின்றன. ‘கொ’ என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் பிள்ளைக்கு இது உண்மையிலேயே கடினம். கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. என் மகனுக்கு உதவியது ஓர் அட்டைதான். அட்டையில் ஓர் எழுத்தின் அகலத்துக்கு, அதன் கொம்பும் காலும் சேர்ந்து தெரியுமளவுக்கு, ஒரு சன்னலை வெட்டிச் சொல்லின் மேல் நகர்த்தினேன். ‘தொ’ முழுவதும் ஒரே சன்னலில் தெரிந்தபோது அதை ஒரே எழுத்தாகப் பார்க்கத் தொடங்கினான். ‘தெ, தே, தொ, தோ’ நான்கையும் அடுத்தடுத்து எழுதி மாற்றி மாற்றிக் காட்டுவதை மூன்று வாரம் தொடர்ந்தோம். அதன் பிறகு அட்டை தேவைப்படவில்லை.

ல, ள, ழ குழப்பத்துக்கு நாக்குதான் மருந்து. ‘ல’வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ‘ள’வுக்கு வளைந்து அண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு வளையும், தொடாது. கண்ணாடி முன் நின்று ‘புலி, புளி’, ‘வலி, வழி’ என்று சொல்லிப் பழகட்டும். வீட்டுப் பேச்சிலேயே இந்த வேறுபாடு இல்லை என்றால் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. நாமும் திருத்திப் பேசத்தான் வேண்டும். ‘ந’வும் ‘ன’வும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒரே ஒலிதான், ஆகவே அங்கே காது உதவாது. ண, ன, ற, ள, ழ ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்ற ஒரு விதி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

நான்காம் படி: எழுத்துக்கூட்டலிலிருந்து சொல்லுக்கு

எல்லா எழுத்தும் தெரிந்த பிறகும் சில பிள்ளைகள் சொல்லில் நிற்பார்கள். ஒரே ‘க’ எழுத்து கடல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் அட்டையில் கற்றபடியே கூட்டினால் ‘தங்கம்’ என்ற பழகிய சொல்லே அந்நியமாகக் கேட்கும். விதியைச் சொல்லிக் குழப்புவதைவிட, கூட்டிய பிறகு ‘இதைப் போல ஒலிக்கும் சொல் ஏதாவது உனக்குத் தெரியுமா?’ என்று கேட்பது நல்லது. எழுத்தைக் கூட்டி, காதால் சரிபார்த்து, தெரிந்த சொல்லோடு பொருத்திக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வரும். படத்தைப் பார்த்து ஊகிப்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே ஊகம் எழுத்திலிருந்து தொடங்குகிறது. ஊகிக்கும் பழக்கம் ஊறிப்போன பிள்ளைக்குச் சில வாரங்கள் படத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, வாசித்து முடித்ததும் பரிசுபோலத் திறந்து காட்டுங்கள்.

நீண்ட சொற்கள் தனி மலை. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் பிள்ளை மலைத்துப்போவதில் வியப்பில்லை. பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, படித்துக் / கொண்டி / ருந்தவர் / களுக்கு என்று பிரித்துக் கொடுங்கள். சில நாள் கழித்துக் கோட்டைப் பிள்ளையே போடட்டும். ‘கொண்டிருந்த’, ‘வர்களுக்கு’, ‘வில்லை’, ‘வேண்டும்’ போல மீண்டும் மீண்டும் வரும் வால்பகுதிகளைத் தனி அட்டைகளாக எழுதிப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் வரை பழக்கினால் நீளமான சொல் பாதியாகச் சுருங்கிவிடும்.

எழுதுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். அன்று வாசித்த ஐந்து சொற்களை நீங்கள் சொல்ல, பிள்ளை ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஐந்துக்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் படி: சரளம்

சரியாக வாசித்தாலும் ஆமை வேகத்தில் வாசிக்கும் பிள்ளை, வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்துவிடும். எழுத்துக்கும் ஒலிக்கும் பெருமளவு ஒழுங்கான பொருத்தம் உள்ள மொழிகளில் வாசிப்புக் குறைபாடு தவறுகளாக வெளிப்படுவதைவிட இந்த மந்தமாகவே அதிகம் வெளிப்படும். அதனாலேயே பல வீடுகளில் இது கண்ணில் படாமல் போகிறது.

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வழி ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. 1979இல் ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிய காலம் தொட்டு ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஐம்பது முதல் நூறு சொற்கள் கொண்ட பகுதி ஒன்று. முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து, பிள்ளையின் குரல் உங்கள் குரலைப் பற்றிக்கொண்டு வரும்படி வாசியுங்கள். பிறகு பிள்ளை தனியாக. மூன்று நான்கு நாட்கள் அதே பகுதி. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும், ஒருவர் துணையிருந்து திருத்த உரக்க வாசிப்பது சரளத்தை வளர்க்கிறது என்றே சொன்னது. தடுமாறும் பிள்ளையைப் புத்தகத்தோடு தனியே மௌனமாக உட்காரவைப்பதற்கு அத்தகைய வலுவான சான்று அப்போது கிடைக்கவில்லை. கடிகாரத்தை வைத்து வேகத்தை அளப்பது சில பிள்ளைகளுக்கு உற்சாகம், சிலருக்குப் பதற்றம். உங்கள் பிள்ளை எந்த வகை என்று உங்களுக்குத் தெரியும்.

பிள்ளை தவறாக வாசித்தால் உடனே பாயாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்; பல தவறுகளைப் பிள்ளையே திருத்திக்கொள்ளும். திருத்தாவிட்டால் தவறிய எழுத்தின் அடியில் விரலை வையுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எல்லாப் படிகளோடும் சேர்ந்து: வாசித்துக் காட்டுதல்

பிள்ளை தானே வாசிக்கும் புத்தகம் அதன் அறிவுக்குக் கீழே இருக்கும். ஆகவே அறிவுக்கு ஏற்ற புத்தகத்தை நீங்கள் நாள்தோறும் வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் ‘வந்துட்டிருக்கான்’ என்று பேசுகிறோம். புத்தகம் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்கிறது. எழுத்துத் தமிழைக் காதால் கேட்டிராத பிள்ளை, அந்தச் சொல்லைச் சரியாகக் கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல் என்று கண்டுகொள்ளாது. வாசித்துக் காட்டும்போது பேச்சுமொழிக்கு மாற்றாமல் உள்ளபடியே வாசியுங்கள்.

மற்ற பாடங்களை வாசிப்புக்காகக் காத்திருக்கவைக்காதீர்கள். வீட்டுக்கல்வியில் பெரும்பாலான பாடங்கள் பிள்ளை தானே வாசித்துக் கற்பவையாக இருப்பதால் வாசிப்பில் உள்ள தடை அறிவியலிலும் வரலாற்றிலும் கணக்கின் வாக்கியங்களிலும் பரவிவிடும். அறிவியலை வாசித்துக் காட்டுங்கள், செய்து பார்க்கவிடுங்கள். விடையை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒலிப்புத்தகங்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

நாளும் நேரமும்

நாளொன்றுக்கு முப்பது நிமிடம், அதையும் மூன்றாகப் பிரித்து: காலையில் பத்து நிமிடம் எழுத்தும் சொல்லும், இடையில் பத்து நிமிடம் திரும்ப வாசித்தல், பின்னர் பத்து நிமிடம் எழுதுதல். வாரம் ஐந்து நாள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ஈடுகட்ட முடியாது. பிள்ளை அழுது மறுக்கும் நாளில் எழுத்து வேலையை விட்டுவிட்டு வாசித்துக் காட்டுவதை மட்டும் செய்யுங்கள். வாசிப்பு நேரம் என்றாலே அடிவயிறு கலங்கும் நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டால் திரும்பி வர மாதங்கள் ஆகும். விருந்தினர் முன் வாசிக்கச் சொல்லாதீர்கள். உடன்பிறந்தவரோடு ஒப்பிடாதீர்கள். வண்ணத் தாள்களை எழுத்தின் மேல் வைத்து வாசித்தால் குறைபாடு தீரும் என்று விற்கப்படுபவற்றில் பணத்தைப் போடாதீர்கள். அவற்றுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

ஆறு, ஏழு வயதில் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவது பல பிள்ளைகளிடமும் காணப்படுவதுதான். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் மேலே சொன்ன வேலையை நான்கைந்து மாதம் தவறாமல் செய்த பிறகும் முன்னேற்றம் மிகக் குறைவாக இருந்தாலோ, பேச்சு தாமதமாக வந்திருந்தாலோ, தாய்தந்தை வழியில் வேறு யாருக்காவது இதே தடுமாற்றம் இருந்திருந்தாலோ டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்கான மதிப்பீட்டைச் செய்துவிடுங்கள். அது கண் நோயும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. 1896இல் பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன் வெளியிட்ட குறிப்பில் வரும் பதினான்கு வயதுச் சிறுவன் தன் பெயரையே பிழையாக எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் அதில் பதிவுசெய்திருக்கிறார்.

கல்வி உளவியலாளர், பேச்சு மொழிப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோரில் உங்களுக்கு எட்டுபவரிடம் போகலாம். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், பிள்ளை எந்தெந்த மொழிகளில் வாசிக்கக் கற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே மொழியில் தடுமாறும் பிள்ளைக்கும் எல்லா மொழியிலும் தடுமாறும் பிள்ளைக்கும் காரணம் வேறாக இருக்கலாம். போகும்போது குறிப்பேட்டையும், முதல் வாரம் பதிவுசெய்த குரலையும், அதே பகுதியை இப்போது வாசிக்கவைத்து எடுத்த பதிவையும் கொண்டுபோங்கள். மதிப்பிடுபவர் பிள்ளையோடு செலவிடப்போவது சில மணி நேரம்தான். எந்த எழுத்தில் நின்றது, எதைத் தானே திருத்திக்கொண்டது, எத்தனை நாளில் எது வசப்பட்டது என்ற விவரமெல்லாம் உங்கள் குறிப்பேட்டில்தான் இருக்கும்.